சிவப்பு வந்தால் உத்தரவு

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டினேன். தெரிந்துதான் செய்தேன். இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டுவதாக இருந்தால் இங்கேயே திட்டிவிடலாம். மிச்சத்தைப் பொறுமையாகப் படிக்க அது உதவும்.

என் வீட்டுக்காரருக்கு இருதய வால்வு சுருங்கிவிட்டது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் உள்ளே போய் உட்கார்ந்திருந்து, நாற்பத்தாறு வயதில் வேலையைக் காட்டியது. அவர் தனியார் பஸ் கொட்டகையில் மெக்கானிக். பஸ் டயரை ஒற்றை ஆளாக உருட்டி மாட்டுகிறவர், மாடிப்படி எட்டு ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் படம் வரைந்து காட்டினார். வெளியே வந்ததும் இவர், "இன்ஜின் வால்வுன்னா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள நானே மாத்திருவேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இன்னும் சிலதும் சொன்னார். அந்த நேரம் இவர் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். அதை நான் இவரிடம் சொல்லவில்லை.

இவர் குடும்பத்தில் ஒரு வழக்கம். இவர்களுடைய அப்பா வயிற்று ஆபரேஷனுக்கு உள்ளே போனவர், துணி சுற்றித்தான் வெளியே வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் உடம்பில் கத்தி பட வேண்டும் என்றாலும் சாமியிடம் உத்தரவு வாங்க வேண்டும். சீவலப்பேரிக்குக் கொஞ்சம் தள்ளி, ஆற்றங்கரையில் இருக்கிறது இவர்கள் குலசாமி. கூரை கிடையாது. மருத மரத்தடியில் சுண்ணாம்பு பூசிய ஒரு பீடம். அதன் முன்னால் பூக் கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் குலுக்கிப் போட்டதும், காரியத்துக்கு உரியவர் ஒன்றை எடுக்க வேண்டும். என்ன நிறம் வருகிறதோ அதுதான் சாமியின் வார்த்தை.

உத்தரவு என்ற சொல்லே எனக்கு எரிச்சல். அனுமதிக்கும் அதே சொல், கட்டளைக்கும் அதே சொல். போய் நிற்கிறவன் கேட்க வந்திருக்கிறானா, கேட்டுக்கொள்ள வந்திருக்கிறானா என்று அவனுக்கே தெரியாது.

இவருடைய அண்ணன் சீவலப்பேரியில் நெல் போடுகிறார். எனக்கு அத்தான். அவர்தான் போனில் சொன்னார்: "ஞாயித்துக்கெழம வந்துருங்க. பூவ நீயே குளிச்சிட்டுக் கட்டி எடுத்துட்டு வா பிள்ள. அதான் மொறை. கட்டுத வரைக்கும் நாங்க யாரும் தொடமாட்டோம். கள்ளத்தனம் இருக்கக் கூடாதுல்லா."

எனக்கு இரண்டும் சுகப் பிரசவம். அதனால் பத்தொன்பது வருடத்தில் நான் அந்தப் பூவைக் கட்டியதில்லை. குலசாமி கொடைத் திருவிழாவுக்குப் போனால் என் இடம் பாத்திரங்களுக்குப் பக்கத்தில். பீடத்துப் பக்கம் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தது கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைக்குப் பிச்சிப்பூவும் சிவப்புக்குச் செவ்வரளியும் வாழை இலைத் துண்டும் நாரும் எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். பிச்சிப்பூவை வைத்து ஒரு பொட்டலம் கட்டினேன். அரளியை எடுத்ததும் கை நின்றுவிட்டது. நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. எங்கள் வீட்டிலும் பூப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் நில். சிவப்பு என்றால் நில் என்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்? இந்த ஒரு பூ கையில் வந்துவிட்டால் இந்த மனுசன் இன்னொரு பொங்கலைப் பார்க்க மாட்டார். அரளியை ஜன்னல் வழியாக வீசினேன். இன்னொரு கொத்துப் பிச்சிப்பூவை வைத்துக் கட்டினேன்.

பயம் இல்லாமல் இல்லை. பஸ்ஸில் போகும்போது எனக்கு நானே ஒரு வாதம் செய்துகொண்டேன். சாமி எல்லாம் வல்லது என்றால், என் இரண்டு வெள்ளைப் பூவை அது சமாளித்துக்கொள்ளும். வல்லது இல்லை என்றால், அதனிடம் ஒருவர் உயிரைக் கொண்டுபோய்க் கேட்பதே பைத்தியக்காரத்தனம். எந்தப் பக்கம் பார்த்தாலும் நான் குற்றவாளி இல்லை. பஸ் சீவலப்பேரி போய்ச் சேரும்வரை இந்த வாதம் நன்றாகத்தான் இருந்தது.

பஸ் நிறுத்தத்திலிருந்து பீடம் வரைக்கும் இவர் மூன்று இடத்தில் நின்றார். ஒவ்வொரு தடவையும், "பைய வாங்க, ஆத்தப் பாக்கேன்" என்றார். மூன்றாவது இடத்தில் ஆறே தெரியவில்லை, உடைமரம்தான் இருந்தது.

அத்தான் பொட்டலங்களை வாங்கிக் குலுக்கிப் பீடத்தில் போட்டார். சூடம் கொளுத்தினார். பிறகு சத்தமாகச் சொன்னார்: "சாமி, தம்பிக்கு நெஞ்சப் பொளக்கணும்ங்காவ. செவப்பு வந்தா உத்தரவு. வெள்ளை வந்தா வேண்டாம்."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற அத்தானின் பெண்டாட்டியை, அக்காவை, இடித்தேன்.

"என்னக்கா, செவப்பா?"

"பின்னே? செவ்வரளி சூடுத சாமி வெள்ளையிலயா சரிங்கும்? பத்தொம்பது வருசமா எங்கட்டி இருந்த?"

நிறுத்துங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஒரு மூச்சையும் விழுங்கினேன். இவர் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நாரை அவிழ்த்தார். பிச்சிப்பூ.

நான் இவர் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் பயம் வரவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தவன் முகம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. மற்றப் பொட்டலத்தைப் பாய்ந்து எடுத்துக் கிழித்தேன்.

"இதுலயும் வெள்ளைதான். பாருங்க. நான்தான் வெச்சேன்."

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏ பிள்ள. என்ன காரியம் பண்ணியிருக்க."

"தப்புதான் அத்தான். இப்ப நீங்களே கட்டுங்க. ஒழுங்கா இன்னொரு தரம் போட்டுப் பாப்போம்."

"சாமி என்ன ரேசன் கடையா, பாமாயில் வரலைன்னா நாளைக்கு வாரேன்னு போறதுக்கு? ஒரு காரியத்துக்கு ஒரு தரம்தான்."

"அப்ப இது செல்லாதுல்லா. உள்ள செவப்பே இல்லையே, எப்படி வரும்?"

"வர வைக்க அவனால முடியாதுங்கியா?"

"முடியுமா?"

"அவனால முடியாதது உண்டா? நீ வெள்ளைய வெச்சா என்ன, வெங்காயத்த வெச்சா என்ன. அவன் நெனச்சா செவப்பா வந்திருக்கும். வரலைல்லா. வேண்டாம்ங்கான்."

"நான் ரெண்டுலயும் செவப்பு வெச்சிருந்தா?"

"வெச்சியா? நீ சரின்னு வர வைக்கணும்னு நெனச்சு, வேண்டாங்கதைக் கட்டிட்டு வந்து நிக்க. அது உன் புத்தின்னா நெனைக்க? உன் கையி வழியா அவன் பேசியிருக்கான்."

"அவ புத்தியா இருந்தா எந்த நெறம்னு முந்தியே கேட்டிருப்பா" என்றாள் அக்கா.

"அப்ப பூ எதுக்கு அத்தான்? யாரு கட்டினாலும் அவர் இஷ்டம், எது வந்தாலும் அவர் இஷ்டம்னா, நீங்க வீட்டுல இருந்தே வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா. பஸ்ஸு ஏறி இந்த மனுசன இம்புட்டுத் தூரம் நடக்க வெச்சது எதுக்கு?"

"வாய அடக்கு பிள்ள. சன்னிதி."

இவர்தான் முடித்து வைத்தார். "போதும், வாங்க. எனக்கு மூச்சு வாங்குது."

அதற்குப் பிறகு ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே இவர், "சாமி வேண்டாம்னுட்டாருல்லா" என்றார். சண்டை போட்டேன். தட்டை எறிந்தேன். இவர் பேசாமல் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளினார். குனிந்ததில் மூச்சு வாங்கியது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. டாக்டர் கொடுத்த மாதத்தில் பன்னிரண்டு நாள் போய்விட்டது.

பாளையங்கோட்டையில் ஒரு பத்திரம் எழுதும் கடையில் டைப் அடிக்கிறேன். அந்த வாரம் நான் அடித்த ஒரு கிரயப் பத்திரத்தில் வடக்கு எல்லைக்கும் தெற்கு எல்லைக்கும் ஒரே ஆளைப் போட்டுவிட்டேன். பக்கத்து மேஜையில் அடிக்கிற பாய்தான் பிடித்தார். மேலப்பாளையத்துக்காரர், என் வயதுதான், ஆனாலும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். என்ன விஷயம் என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எல்லாம் முடியும்னு சொன்னா அதுல எல்லாம் அடங்கிருது பாய். பேசவே முடியலை. அந்த 'எல்லாம்' ஒரு ஓட்டைன்னு காட்டணும் எனக்கு. அவரால தூக்க முடியாத கல்ல அவரால பண்ண முடியுமா?"

"தங்கச்சி, நாலு மூலை உள்ள வட்ட மனைக்குப் பத்திரம் அடிச்சுத் தான்னு ஒருத்தன் வந்து நிக்கான். நீ என்ன சொல்லுவ? எனக்கு டைப் தெரியாதுன்னா சொல்லுவ? அப்படி ஒரு மனையே இல்லை, எந்திரிச்சுப் போம்பல்லா. அது உன் கொறையா? அது மாதிரிதான் நீ கேக்கது. அது ஒரு காரியமே இல்லை. வெறும் வார்த்தை."

அது சரியாகத்தான் இருந்தது. அதனால் ஆத்திரம் கூடியது. மானிட்டரில் இருந்ததைக் காட்டினேன். கிரயப் பத்திரத்தில் நாங்கள் தினமும் அடிக்கிற வரி அது: வாங்குகிறவர் இன்று முதல் சொத்தைச் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.

"இந்த ஆளுக்குச் சர்வ சுதந்திரம் இருக்கு. இதை இன்னொருத்தருக்கு எழுதிக் கொடுக்கவும் சுதந்திரம் இருக்குல்லா?"

"இருக்கு."

"கொடுத்துட்டா?"

"போச்சு. அவரு அப்பொறம் வேலியத் தொட முடியாது."

"எழுதிக் கொடுத்துட்டு, இஷ்டப்பட்டா திருப்பி எடுத்துக்கிடுவேன்னு கடைசியில ஒரு வரி போட்டா?"

"அது கிரயமே இல்லையே."

"அதான் பாய். சாமி பூவுல வாக்குத் தாரேன்னு சொன்னா, பூவுல கை வைக்கக் கூடாது. கை வைக்காம இருந்தா, அந்த நேரம் அவரால முடியாதது ஒண்ணு இருக்கு. கை வைப்பாருன்னா அது வாக்கே இல்லை. ரெண்டுல ஒண்ணுதான். எங்க அத்தான் ரெண்டையும் வெச்சிக்கிட்டு நிக்காரு."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க பள்ளிவாசல் உஸ்தாது கிட்டக் கேட்டா இதுக்கும் பதில் இருக்கும். கொடுத்த வாக்க அவனா மீறமாட்டான், முடியாம இல்லைம்பாரு. எனக்கு அதுக்கு மேல தெரியாது. ஆனா ஒண்ணு. நீ இந்த வாதத்துல செயிச்சா மச்சான் ஆஸ்பத்திரிக்கு வந்துருவாரா?"

வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் வரை பொறுக்க முடியாமல் மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இவர் கூடத்தில் மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கொட்டகைக்குப் போக முடியாததால் வீட்டில் திருகு உள்ள எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டிருந்த காலம் அது. எதிரே உட்கார்ந்து, பத்திரம், வாக்கு, வேலி எல்லாவற்றையும் வேகமாகச் சொன்னேன். இவர் திருகுகளைத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டே கேட்டார்.

"சரியாத்தான் சொல்லுத" என்றார். "அண்ணனுக்கு இதுக்குப் பதில் தெரியாது."

"அப்ப வாரியளா?"

"ஏளா, நான் ஒண்ணு கேக்கேன். ரெண்டும் ஒரே பூன்னா என்னைய எதுக்கு எடுக்கச் சொன்ன?"

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"இரு. எனக்குச் சாமி மேல கோவம் இல்லை. உன் மேலதான். அண்ணன் என்னடான்னா, எல்லாம் அவன் செயல்ங்கான். நீ என்னடான்னா, சாமி செயலையும் சேத்து நீயே பண்ணிட்ட. எனக்குன்னு ஒண்ணும் வைக்கலை. நடுவுல நான் ஒரு கூமுட்டை மாதிரி கைய நீட்டிக்கிட்டு நின்னேன். எதை எடுக்கன்னு எம்புட்டு யோசிச்சேன் தெரியுமா? சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமான்னு."

கோவில் மேடைகளில் பேசுகிறவர்கள் சொல்வார்கள்: ஆண்டவன் எல்லாம் வல்லவன், ஆனாலும் நல்லது கெட்டதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மனுசனுக்குக் கொடுத்திருக்கிறான், அது அவன் கருணை. சின்ன வயதிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன வரப்போகிறது என்று தெரிந்தவன், வருவதை எல்லாம் ஆக்கி வைத்தவன், எதிரே நிற்கிறவனைப் பார்த்து எடு என்று சொல்வது என்ன விளையாட்டு? இப்படிக் கேட்டு எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அந்த விளையாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிச்சிப்பூவை வைத்து நானே ஆடியிருக்கிறேன். அன்புதான் காரணம் என்று சொல்லலாம். அவனுக்கும் மேடையில் அதைத்தான் சொல்கிறார்கள்.

இன்றைக்கும் என் கருத்து மாறவில்லை. எல்லாம் முடிகிற ஒருவனும் தானாகத் தேர்ந்தெடுக்கிற மனுசனும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. ஒன்று, அவன் விட்டுக்கொடுத்து இளைக்க வேண்டும். இல்லை, மனுசன் பொம்மையாக வேண்டும். விட்டுக்கொடுத்தும் இளைக்காமல் இருப்பான் என்கிறவர்கள், நான்கு மூலை வட்ட மனைக்கு என்னிடம் பத்திரம் கேட்கிறார்கள். ஆனால் அன்று அந்தக் கூடத்தில் இது எதுவும் இவருக்குத் தேவைப்படவில்லை.

"வேற என்ன சொன்னாரு டாக்டரு?" என்று கேட்டார்.

"எப்ப?"

"நான் ரத்தம் கொடுக்கப் போனப்ப. அன்னைக்கு நீ வந்த மொகத்த நான் பாக்கலைன்னா நெனச்ச?"

சொன்னேன். இருதயம் ஏற்கனவே களைத்துப்போயிருக்கிறது. மேஜையிலேயே ஏதாவது ஆகலாம். அதற்கு டாக்டர் பொறுப்பேற்று வாக்குத் தர முடியாது. ஆபரேஷன் செய்யாவிட்டால் ஒரு வருடம் ஓடினாலே பெரிது. இதை அவர் ஒரு தடவை சொன்னார், நான் இரண்டாவது தடவையும் கேட்டேன், மறுபடி அதையே சொன்னார்.

இவர் திருகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளை வந்ததும் எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு" என்றார். "செவப்பு வந்திருந்தாலும் வேற ஏதாவது சொல்லி வராம இருந்திருப்பேன். அப்பாவ வெளிய கொண்டுவந்தப்ப கால் பக்கத்த நான்தான் பிடிச்சேன்."

இத்தனை வருடத்தில் அதை இவர் சொன்னதில்லை. தைரியம் சொன்னால் அதுவும் ஒரு பொட்டலமாகிவிடும் என்று தோன்றியது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் நடந்தது, இவர் பிழைத்தார். அது எதையும் நிரூபிக்கவில்லை. சாமி முதலில் தம்பியைச் சோதித்துவிட்டுப் பிறகு இரங்கியது என்று அத்தான் சொல்கிறார். பிழைக்காமல் போயிருந்தால் அன்றைக்கே வேண்டாம் என்றது என்று சொல்லியிருப்பார். அவர் கட்டிய வீட்டுக்கு வாசலே கிடையாது, எந்தப் பக்கமிருந்தும் உள்ளே போய்ச் சண்டை போட முடியாது. இதை நினைத்தால் இப்போதும் நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். நான் சொல்ல வந்தது அதை அல்ல, அந்த மத்தியானம் மிச்சம் நடந்ததை.

இவர் மிக்ஸியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து தெருவுக்குப் போனார். மெயின் ரோடு முனை வரை போனார், நின்றார், திரும்பி வந்தார், உள்ளே வராமல் மறுபடி போனார். நான் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவது தடவை உள்ளே வந்து, மூச்சு அடங்கும்வரை சுவரில் சாய்ந்திருந்துவிட்டு, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, நான் ஆபரேஷன் பண்ணிக்கிடுதேன்."

"சாமி வேண்டாம்னுட்டாருல்லாலே."

"ஆமா."

"பின்னே?"

"நான் பண்ணிக்கிடுதேங்கேன்."

"ஏலே, அவ சொல்லிக் குடுத்தாளா?"

"அவ கிட்டயும் கோவமாத்தான் இருக்கேன்."

"சாமி கோவிச்சுக்கிட்டாருன்னா என்ன பண்ணுவ?"

"கோவிக்கட்டும். பொறுத்துக்கிடவும் அவரால முடியும்லாண்ணே. எல்லாம் முடியும்னு நீதான சொல்லுத."

அந்தப் பக்கம் வயலில் மோட்டார் ஓடுகிறது மட்டும் கேட்டது. கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"என்னைக்கு?" என்றார் அத்தான்.

இவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தேதி தெரியவில்லை. நாளைக்குக் காலையில் டாக்டரைப் போய்ப் பார்த்துக் கேட்டு வருகிறேன் என்றேன்.

"நீ மட்டும் போவாத" என்றார் இவர். "நானும் வாரேன். என் முன்னால சொல்லட்டும்."